தேறிய நீர்

டர்பன் துறைமுகத்துக்கு முதுகு காட்டி
முப்பது மாடி எழப்போகிற இடத்தில்
இப்போதைக்கு இருப்பது துளைகள்.
சரியாமலிருக்க அவற்றில்
பென்டோனைட் களிக்கரைசல் நிரப்புவார்கள்.
கான்கிரீட் இறங்க இறங்க அது மேலே வரும்,
மணலும் சிமென்டும் பழைய சிப்பிகளும் சுமந்து,
என்னிடம்.

வி. படையாச்சி, கழிவுநீர், இரவு:
என் சட்டைப் பட்டையில் அவ்வளவுதான்.

முதலில் அதிரும் சல்லடை. கூழாங்கல் போகும்.
அடுத்து சுழற்கூம்பு. மணல் போகும்.
மிச்சமிருப்பதுதான் தொல்லை.
சாம்பல் நிறத்தில் தேங்காய்ப்பால் மாதிரி.
மூன்று நாள் தொட்டியில் விட்டும் படியவில்லை.
எல்லாத் துகளும் ஒரே மின்னூட்டம் ஏந்தி
ஒன்றையொன்று தள்ளி நிற்கிறது,
சொத்துத் தகராறுக்குப் பிறகு
கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கும்
அண்ணன் தம்பிகள் போல.

ஆறு கண்ணாடிக் குவளை. ஆறு அளவு மருந்து.
குறைந்தால் ஒன்றும் அசையாது.
கூடினால் வெண்டைக்காய் வழவழப்பு,
வடிதுணியெல்லாம் அடைத்துக்கொள்ளும்.
நான்காவது குவளையில்
பால் திரிந்ததுபோல் திட்டுத் திட்டாய்க் கூடி
ஒரு நிமிடத்தில் கீழே போனது.
குவளைக்குப் பின்னாலிருந்த எச்சரிக்கைப் பலகையை
முழுதாகப் படித்தேன்.

"இதற்கு உங்கள் மொழியில் என்ன?"
லோடர் ஓட்டும் ம்டுடூசி கேட்டான்.
தேற்றுவது, என்றேன்.
கலங்கின தண்ணீரையும் தேற்றலாம்,
அழுகிற ஆளையும் தேற்றலாம். ஒரே சொல்.
கொஞ்ச நேரம் லோடர் அணைந்திருந்தது.
"தேற்றுகிறவன். ஜூலுவில் அது என் பெயர்."
இரண்டு வருஷமாக
அந்தப் பெயரைச் சொல்லி
பின்னால் எடு, முன்னால் எடு என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

அழுத்துப்பொறிக்கு நாற்பது தகடு,
தகட்டுக்குத் தகடு துணி.
பம்பு ஏறுகிறது. ஐந்து பார். ஏழு.
முதல் சொட்டு கலங்கல், அதைத் திருப்பி அனுப்பு.
பிறகு வரிசையாக எல்லாக் குழாயிலும்
நூல் நூலாய்த் தண்ணீர்.
வெருலத்தில் எங்கள் வீட்டில்
பத்தொன்பது நாளாகக் கேட்காத சத்தம்.

தங்கை சரோஷினியின் செய்தி:
தண்ணி லாரி இன்றைக்கும் வரலை.
இங்கே என்னிடம் எழுபதாயிரம் லிட்டர்.
பார்த்தால் அள்ளி முகம் கழுவத் தோன்றும்.
அளவியை முக்கினால் பதினொன்று புள்ளி ஆறு.
சிமென்டின் காரம், தோலை உரிக்கும்.
தெளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.
கரியமில வாயுவைக் குமிழவிட்டு
எட்டுக்கு இறக்கினால்
லாரிச் சக்கரம் கழுவப் போகும்.
ஒப்பந்தத்தில் அப்படி.

நாலு மணிக்குத் தகடுகள் விலகின.
அடைகள் விழுந்தன, தொப், தொப்,
சில ஒட்டிக்கொண்டன, மரத்துடுப்பால் வழித்தேன்.
ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன்.
ஈரம் கையில் வரவில்லை.
மேலே துணியின் நெசவு
இழை தப்பாமல் பதிந்திருந்தது.

ம்டுடூசி நாலு கேனோடு வந்து நின்றான்.
குடிக்க ஆகாது, என்றேன்.
"தெரியும். கக்கூசுக்கு.
உனக்கு ரெண்டு, க்வாமாஷுவுக்கு ரெண்டு."
எட்டு வந்த தொட்டியிலிருந்து மட்டும், என்றேன்.
அதுவே சம்மதம் ஆகிவிட்டதென்று
கேன் நிறையும் சத்தத்தில்தான் தெரிந்தது.

வாசலில் காவலாளி டார்ச் அடித்தார்.
என்ன அது?
நேற்றுவரை சேறு.
மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.
வெளிச்சம் அடிவரை போய்
தடையில்லாமல் நின்றது.
மூடியை அவரே இறுக்கினார்.
"என் கேன் சின்னது," என்றார். "நாளைக்கு."